பித்தப்பைக் கல்: கோத்தகிரி மருந்துக்கடைக்கு வந்த கேள்விகள்

கோத்தகிரியில் மருந்துக்கடை வைத்து 22 வருஷம் ஆகிறது. கடைக்கு வருகிறவர்கள் மாத்திரையோடு சேர்த்துக் கேள்வியும் கொண்டுவருவார்கள். அதிலும் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே தெரியும்: "கல்" என்ற சொல் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் அல்ல, பார்மசி படித்தவன். என் பித்தப்பையும் இப்போது என்னிடம் இல்லை என்பது கூடுதல் தகுதி.

"கேஸ் மாத்திரை ஒன்னு குடுங்கண்ணா. ராத்திரியெல்லாம் நெஞ்சுக்குக் கீழ பிடிச்சு இழுக்குது." இது கேஸா, கல்லா?

கேட்டவுடன் மாத்திரையை எடுத்துக் கொடுப்பதில்லை, முதலில் மூன்று விஷயம் கேட்பேன். வலி எங்கே, எவ்வளவு நேரம், எதற்குப் பிறகு? பித்தப்பை வலி வலப்பக்க விலா எலும்புக்குக் கீழோ, மேல்வயிற்றின் நடுவிலோ வரும். முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் பாயும். கேஸ் மாதிரி ஏப்பம் விட்டால் குறைவதில்லை. அரைமணி நேரமாவது விடாமல் பிடித்து, சில மணி நேரம் இருந்துவிட்டு, யாரோ சுவிட்சை அணைத்தது போல நின்றுவிடும். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகும் நடுராத்திரியிலும் அதிகம்.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாகச் சொல்கிற நான் எட்டு மாதம் என் கடை அலமாரியிலிருந்தே பான்டோபிரசோல் என்ற கேஸ் மாத்திரையை எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் ஸ்கேன் எடுக்கத் தோன்றியது. பித்தப்பைக்குள் இருக்கும் கல்லை வயிற்று அல்ட்ராசவுண்ட் அநேகமாகத் தவறவிடாது. வெறும் வயிற்றில் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. வியர்வை கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது, இடது கை வலிக்கிறது என்றால் கல்லையும் கேஸையும் மறந்துவிட்டு முதலில் இ.சி.ஜி. எடுங்கள்.

பித்தம் என்றால் தலைக்கேறுமே, அந்தப் பித்தமா?

பித்தவெடிப்பு, பித்தநரை, பித்தம் தலைக்கேறியது என்று நம் பேச்சில் பித்தம் ஊரெல்லாம் சுற்றுகிறது. சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் ஒன்று. அது உடலின் ஒரு தன்மையைச் சொல்லும் சொல். இங்கே பேசுவது கல்லீரல் நாளொன்றுக்குச் சுமார் 600 முதல் 1000 மி.லி. வரை சுரக்கும் மஞ்சள்பச்சை நீரைப் பற்றி. அதில் பித்த அமிலங்கள், கொலஸ்ட்ரால், லெசித்தின் வகைக் கொழுப்பு, பிலிரூபின் என்ற நிறமி எல்லாம் இருக்கும்.

அடுத்த வேளைச் சாப்பாடு வரும்வரை அதை வாங்கிச் சுண்டவைத்துச் சேர்த்துவைக்கும் சிறு பைதான் பித்தப்பை. 30 முதல் 50 மி.லி. பிடிக்கும், ஒரு டீ டம்ளரில் பாதிகூட வராது. கொழுப்பு குடலுக்குள் வந்ததும் ஒரு ஹார்மோன் சேதி சொல்ல, பை சுருங்கிப் பித்தத்தைப் பீய்ச்சும். சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பது போலப் பித்த அமிலம் கொழுப்பைக் கரைக்கும்.

கல்லீரல் என்ற பெயரிலேயே கல் இருப்பதால் பலர் கல் அங்கே இருப்பதாக நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது உருவாவது இந்தப் பைக்குள்.

அந்த நீருக்குள் கல் எப்படி வருகிறது?

பாயசத்தில் சர்க்கரை அதிகமானால் அடியில் தங்கும் அல்லவா, அதே கதை. கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. பித்த அமிலமும் லெசித்தினும் சேர்ந்துதான் அதைத் தூக்கிச் சுமக்கின்றன. சுமக்க ஆள் குறைந்தாலோ, சுமை கூடினாலோ கொலஸ்ட்ரால் படிகமாகிக் கீழே இறங்கும். பை சரியாகச் சுருங்கிக் காலியானால் அந்தப் படிகங்கள் வெளியே போய்விடும். மந்தமாகக் கிடந்தால் பிசின் போன்ற சளியில் ஒட்டிக் கசடாகி, கசடு கல்லாகும். ரிப்போர்ட்டில் "ஸ்லட்ஜ்" என்று இருப்பது அந்தக் கசடு.

கொலஸ்ட்ரால் என்றால் இன்று எல்லோருக்கும் மாரடைப்பு ஞாபகம் வருகிறது. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் அதை முதலில் பிரித்தெடுத்ததே பித்தப்பைக் கல்லிலிருந்துதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செவ்ரல் என்ற வேதியியலாளர் அதற்கு வைத்த பெயருக்கும் கிரேக்க மொழியில் "பித்தத்தின் திடப்பொருள்" என்றே அர்த்தம். இரத்தக் குழாய்க்கு அது பின்னால் வந்த புகழ்.

எல்லாக் கல்லும் ஒரே கல்தானா?

இல்லை. என்னைக் கேட்டால், டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே "எந்தக் கல், சார்?" என்பதுதான். எவ்வளவு பெரிசு, எத்தனை என்று கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை.

மஞ்சளாக இருப்பவை கொலஸ்ட்ரால் கல். கரிபோலக் கருத்து நொறுங்குபவை கருப்பு நிறமிக் கல். இரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்து பிலிரூபின் பெருகும்போதும், ஈரல் சுருக்க நோயிலும் இவை வரும். மூன்றாவது, பழுப்பு நிறத்தில் களிமண் மாதிரி மெத்தென்று இருக்கும். இது பெரும்பாலும் பித்தக் குழாயில் கிருமி ஏறி வருவது. ஈ. கோலை போன்ற பாக்டீரியா தன் என்சைமால் பிலிரூபினின் கட்டை அவிழ்க்க, அது கால்சியத்தோடு சேர்ந்து படிகிறது.

வட இந்தியாவில் பெரும்பாலும் கொலஸ்ட்ரால் கல். தெற்கே நிறமிக் கல்லின் பங்கு கணிசம் என்று பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. 1968-ல் எஸ். எல். மல்ஹோத்ரா ரயில்வே ஊழியர்களை ஆராய்ந்து, கல் நோய் தெற்கைவிட வடக்கில் பல மடங்கு அதிகம் என்று எழுதினார். நம் சாப்பாடும் எடையும் மாறிய பிறகு அந்த இடைவெளி அப்படியே இருக்கும் என்று நான் நம்பவில்லை.

கூடலூர், பந்தலூர் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கே கல் என்கிறார்கள். அது சாப்பாட்டாலா?

இங்கேதான் "எந்தக் கல்" என்ற கேள்வி உயிர்க் கேள்வியாகிறது. இந்தியாவில் அரிவாள் செல் என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணு இருப்பதை 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் முதன்முதலில் வெளியிட்டார்கள். அவர்கள் இரத்தம் எடுத்துப் பார்த்தது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இன்றும் இது இருக்கிறது. இந்த நோயில் சிவப்பணு அரிவாள் போல வளைந்து சீக்கிரம் உடையும், பிலிரூபின் குவியும், வயது ஏற ஏறக் கருப்புக் கல் சேரும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட வரலாம்.

அந்தப் பிள்ளையிடம் போய் "எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. அங்கே தேவை இரத்தப் பரிசோதனை. கண் மஞ்சள், அடிக்கடி மூட்டுவலி, சோகை இருக்கும் பிள்ளைக்குக் கல் என்றால் அரிவாள் செல் சோதனை எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கத்தின் வேலையே இந்தச் சோதனைதான். கீழே நான் பாக்டீரியா பற்றிச் சொல்லப்போவது கொலஸ்ட்ரால் கல்லுக்கு. கருப்புக் கல்லுக்கு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் பித்தப்பையில் இருக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம்? இது எங்கேயோ, அது எங்கேயோ!

வழி ஒன்றுதான். கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து இரண்டு பித்த அமிலங்களைச் செய்கிறது: கோலிக் அமிலம், கீனோடிஆக்சிகோலிக் அமிலம். அவற்றோடு கிளைசின் அல்லது டாரின் என்ற சிறு அமினோ அமிலத்தைக் கோத்து அனுப்புகிறது. சிறுகுடலில் கொழுப்பைக் கரைத்த பிறகு அவை மலத்தோடு போவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதி சுமார் 95 சதவீதத்தை உறிஞ்சி இரத்தம் வழியாகக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடும். உடலில் மொத்தம் 2 முதல் 4 கிராம் பித்த அமிலம்தான். அதே சரக்கு ஒரு நாளைக்குப் பல தடவை சுற்றிவருகிறது. மேட்டுப்பாளையத்துக்கும் கோத்தகிரிக்கும் நடுவே நாள் முழுக்க ஏறி இறங்கும் பஸ் மாதிரி.

அந்தச் சுற்றில் தப்பிப் பெருங்குடலுக்குள் இறங்கும் சிறு பங்கு பாக்டீரியா கையில் மாட்டுகிறது. முதல் வேலை, கல்லீரல் கோத்த கிளைசினையும் டாரினையும் கழற்றுவது. இதைப் பலவகை பாக்டீரியாக்கள் செய்யும், தயிரில் இருக்கும் லாக்டோபாசிலஸ் இனத்தில் சிலவும் செய்யும். இரண்டாவது வேலை, அமிலத்தின் ஒரு மூலையிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்குவது. இதற்குக் கிளாஸ்டிரிடியம் சின்டென்ஸ் போலச் சில இனங்களால் மட்டுமே முடியும். பிடுங்கியபின் கோலிக் அமிலம் டிஆக்சிகோலிக் அமிலமாகிறது, மற்றது லித்தோகோலிக் அமிலம். லித்தோ என்றால் கல். முதலில் அதைக் கண்டெடுத்தது கன்றுக்குட்டியின் பித்தக் கல்லில், அதனால் அந்தப் பெயர்.

டிஆக்சிகோலிக் அமிலம் திரும்பவும் உறிஞ்சப்பட்டு, கல்லீரல் வழியாகப் பித்தத்தில் சேருகிறது. பாக்டீரியா கை வைத்த சரக்கு பித்தப்பைக்குள் வருவது இப்படித்தான். அது அதிகமானால் கல்லீரல் பித்தத்துக்குள் தள்ளும் கொலஸ்ட்ராலும் கூடுகிறது, படிகமும் சீக்கிரம் விழுகிறது. 1996-ல் ஜெர்மனியில், கல் உள்ளவர்களில் இந்த ஆக்சிஜன் பிடுங்கும் பாக்டீரியா அதிகமாக இருந்த சிலருக்கு ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். டிஆக்சிகோலிக் அமிலமும் குறைந்தது, பித்தத்தில் கொலஸ்ட்ரால் செறிவும் குறைந்தது. 2022-ல் வந்த ஒரு சீன ஆய்வில், கல் உள்ள மனிதர்களின் குடல் நுண்ணுயிர்களை எலிகளுக்கு மாற்றினார்கள். கல் உண்டாக்கும் தீனியோடு அந்த எலிகளுக்குக் கல் கூடுதலாக வந்தது. டிசல்ஃபோவிப்ரியோ குடும்பத்து பாக்டீரியா அங்கே முக்கியக் குற்றவாளியாக நின்றது.

எலிக்கு நடந்தது அப்படியே நமக்கும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். கல் வருவதற்குப் பரம்பரை உண்டு. பித்தத்துக்குள் கொலஸ்ட்ராலை இறைக்கும் பம்பின் மரபணுவிலேயே ஒரு மாற்றம் இருப்பது 2007-ல் தெரிந்தது. பெண்மை, கர்ப்பம், உடல் எடை, சர்க்கரை நோய், வேகமாக இளைப்பது எல்லாம் உண்டு. பாக்டீரியா அந்தக் கூட்டணியில் ஒரு கட்சி.

அப்படியானால் ஆன்டிபயாட்டிக் போட்டு அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டால்?

வேண்டாம். மருந்துக்கடைக்காரன் கையைக் கூப்பிச் சொல்கிறேன். கிளாஸ்டிரிடியம் சின்டென்ஸ் வில்லன் அல்ல. அது செய்யும் அமிலங்கள்தான் ஆஸ்பத்திரிகளில் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் டிஃபிசில் கிருமியைக் கட்டிப்போடுகின்றன. சின்டென்ஸைக் கொன்றால் டிஃபிசில் தலைதூக்கும். மேலும், செஃப்ட்ரியாக்சோன் என்ற ஊசி மருந்தே பித்தத்தில் கசடாகப் படியக்கூடியது. ஆன்டிபயாட்டிக்கால் கல் போகாது, கல் வரவும் கூடும்.

மலச்சிக்கலுக்கும் கல்லுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, இதை யாரும் பேசுவதில்லை. பெருங்குடலில் சரக்கு எவ்வளவு நேரம் தங்குகிறதோ, அவ்வளவு நேரம் பாக்டீரியாவுக்கு வேலை செய்ய வாய்ப்பு. இங்கிலாந்தில் கென் ஹீட்டன் என்ற மருத்துவர் 1993-ல், பருமனில்லாத பெண்களுக்கு ஏன் கல் வருகிறது என்று தேடியபோது, கல் உள்ளவர்களின் குடலில் மலம் மெதுவாக நகர்வதைக் கண்டார். கோதுமைத் தவிடு சாப்பிட்டால் டிஆக்சிகோலிக் அமிலம் குறைகிறது என்றும் முன்பே காட்டியிருந்தார்.

எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வரும் அக்காமார் பலர் காலையில் கொழுந்து எடுக்கப் போனால் மத்தியானம் வரை தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, காட்டில் ஒதுங்க இடமில்லை என்று. சாப்பாட்டையும் தள்ளிப்போடுகிறார்கள். பட்டினியில் பை சுருங்காமல் கிடக்கிறது, குடலும் இறுகுகிறது. இதை உணவுப் பழக்கக் கோளாறு என்று அந்த அக்காவின் தலையில் கட்டுவது நியாயமில்லை. கழிப்பறை கட்டித் தர வேண்டியது தோட்டத்தை நடத்துகிறவர்கள்.

தயிர், பழையது, புரோபயாடிக் பாக்கெட் சாப்பிட்டால் கல் வராதா?

வராது என்று நிரூபித்த மனித ஆய்வு இல்லை. 400 ரூபாய்க்குப் புரோபயாடிக் கேட்டால் நான் விற்பேன், ஆனால் கல்லுக்கு என்று சொல்லி விற்க மாட்டேன். அந்தப் பணத்துக்கு ராகி, சாமை, அவரை, கீரை வாங்கலாம். இந்த மலையில் விளைவதே நார்ச்சத்து. படகர் வீடுகளில் பாட்டிமார் சாப்பிட்ட களியும் அவரைக் குழம்பும் இப்போது விருந்தாளிக்கு மட்டும் என்றாகிவிட்டது.

வர்க்கி சாப்பிடலாமா?

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்தைப் பற்றிக் குறைசொன்னால் ஊருக்குள் நடமாட முடியாது. ஆனால் இந்த மொறுமொறு பேக்கரிப் பண்டத்தில் மைதாவும் கொழுப்பும் அடுக்கடுக்காக இருக்கிறது. ஏற்கெனவே கல் இருந்து வலி வருகிறவர்களுக்கு அது பையைச் சுருக்கும், கல் வாசலில் மாட்டும், வலி வரும். கல் இல்லாதவர் டீயோடு ஒன்று சாப்பிட்டால் கல் வந்துவிடாது.

டீ அதிகம் குடிப்பதால் கல்லா? குளிர்தான் காரணமா?

இரண்டும் இல்லை. ஊட்டியில் ஜனவரிப் புல்லில் உறைபனி படிந்தாலும் பித்தப்பைக்குள் 37 டிகிரிதான்.

வாழைத்தண்டுச் சாறு?

அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் வைத்தியம். சிறுநீர் ஓடும் குழாய் வேறு, பித்தம் ஓடும் குழாய் வேறு. தண்ணீர் நிறையக் குடித்துப் பித்தக் கல்லை வெளியேற்ற முடியாது.

வாட்ஸ்அப்பில் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் குடித்தால் பச்சைப் பச்சையாய்க் கல் வெளியே வருகிறது என்று படத்தோடு போட்டிருக்கிறார்களே?

வருவது உண்மை, கல் இல்லை. 2005-ல் மருத்துவ இதழான லான்செட்டில் அப்படி வந்த "கற்களை"ச் சோதித்து எழுதினார்கள்: குடித்த எண்ணெயே வயிற்றுக்குள் சோப்பாக மாறி உருண்டிருக்கிறது. கால்கிண்ணம் எண்ணெயை ஒரே மூச்சில் குடித்தால் பை பலமாகச் சுருங்கும், உண்மையான கல் குழாயில் போய் அடைக்கலாம். அடைத்தால் கணையமும் வீங்கலாம். அது விளையாட்டில்லை.

மாத்திரையில் கரையாதா?

சிலருக்குக் கரையும். 1972-ல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் கீனோடிஆக்சிகோலிக் அமிலம் கொடுத்துக் கல்லைக் கரைத்தார்கள். வயிற்றுப்போக்கும் ஈரல் பாதிப்பும் வந்ததால், அதன் இடத்தில் உர்சோடிஆக்சிகோலிக் அமிலம் வந்தது. உர்சஸ் என்றால் லத்தீனில் கரடி. கரடிப் பித்தத்தில் நிறைய இருப்பதால் 1927-ல் ஜப்பானில் வைத்த பெயர். இங்கே தேயிலைத் தோட்டத்துக்குள் கரடி வந்தால் நாம் ஓடுகிறோம், அதன் பித்தத்தின் பெயரில் மாத்திரை விற்கிறேன்! (மாத்திரைக்குக் கரடி தேவையில்லை, தொழிற்சாலையில் செய்கிறார்கள்.)

கல் சின்னதாக, கொலஸ்ட்ரால் கல்லாக, சுண்ணாம்பு படியாததாக இருக்க வேண்டும். பை வேலை செய்ய வேண்டும். ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை விடாமல் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் ஐந்து வருஷத்துக்குள் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் திரும்ப வருகிறது. கருப்புக் கல் இதில் அசையாது. சீட்டில்லாமல் கேட்காதீர்கள்.

வலியே இல்லை, வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது தெரிந்தது. பித்தப்பையை எடுக்கணுமா?

பெரும்பாலும் வேண்டாம். இப்படித் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 5-ல் 4 பேருக்கு வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு வருவதில்லை. 3 செ.மீ.க்கு மேல் பெரிய கல், பையின் சுவரில் சுண்ணாம்பு, கூடவே வளரும் பாலிப் என்ற சதைமுளை, அரிவாள் செல் நோய் என்றால் டாக்டர் வேறுவிதமாக யோசிப்பார். ஆனால் ஒருமுறை உண்மையான பித்தப்பை வலி வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

எப்போது மலையிலிருந்து உடனே இறங்கணும்?

வலியோடு குளிர்நடுக்கக் காய்ச்சல், கண் மஞ்சள், சிறுநீர் கட்டன் சாயா நிறம், மலம் வெளுத்து வெள்ளைக் களிமண் மாதிரி. இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. மலத்துக்குப் பழுப்பு நிறம் தருவதே பித்த நிறமியைப் பாக்டீரியா மாற்றுவதுதான். பித்தம் குடலுக்கு வராவிட்டால் அந்த நிறமும் வராது. குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம். இதற்கு எண்டோஸ்கோப் விட்டுக் கல்லை எடுக்கும் வசதி வேண்டும்.

"மழை விடட்டும், காலையில் போகலாம்" என்ற பேச்சுதான் இங்கே ஆபத்து. அக்டோபர், நவம்பரில் மலைப்பாதையில் மண் சரிந்தால் காலையில் ரோடே இருக்காது. ஆகவே வலி தெரிந்தவர்கள் நல்ல வெயில் காலத்தில் ஆபரேஷன் தேதி வாங்கிவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

பித்தப்பை இல்லாமல் எப்படிச் சாப்பிடுவது?

என்னைப் போல. 1882-ல் பெர்லினில் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தார். துளை போட்டு எடுக்கும் முறை ஜெர்மனியில் 1985-ல் ம்யூஹே செய்தது, இந்தியாவுக்கு 1990-ல் மும்பையில் உத்வாடியா கொண்டுவந்தார். எனக்கு நான்கு துளை, மறுநாள் இட்லி.

பை போனாலும் கல்லீரல் பித்தம் சுரப்பதை நிறுத்துவதில்லை. சேர்த்துவைத்துப் பீய்ச்சுவதற்குப் பதில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கும். சிலருக்கு உறிஞ்சப்படாத பித்த அமிலம் பெருங்குடலுக்குப் போய்ச் சாப்பிட்டவுடன் ஓடவைக்கும். எனக்கு முதல் இரண்டு மாதம் அப்படி இருந்தது. நிற்காவிட்டால் கோலஸ்டிரமின் என்ற பொடி உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

கோரோசனையும் இதுதானா?

அதேதான். குழந்தைக்கு உரைமருந்தில் உரசிக் கொடுத்த கோரோசனை மாட்டின் பித்தப்பைக் கல். இப்போது கடைகளில் அந்தப் பெயரில் விற்பதில் எது அசல் என்று யாராலும் சொல்ல முடியாது. பச்சைக் குழந்தை வாயில் வைக்க வேண்டாம் என்றே சொல்கிறேன். பாட்டிமார் என்னைத் திட்டுகிறார்கள்.

எடுத்த கல்லை வீட்டுக்குக் கொடுத்தார்கள். வைத்திருக்கலாமா?

வைத்துக்கொள்ளுங்கள். தூக்கிப் போடுவதற்கு முன் நிறத்தைப் பாருங்கள். கருப்பாக இருந்தால், அதுவும் இளவயதுக்காரர் என்றால், டாக்டரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். என்னுடையவை மூன்று, வெளிர்மஞ்சள். ஒன்றைப் பிளேடால் பிளந்து பார்த்தேன், உள்ளே நடுவிலிருந்து கதிர்கதிராக மின்னியது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு காலி மாத்திரை டப்பியில் கிடக்கின்றன. கேஸ் மாத்திரை கேட்டு மூன்றாவது தடவை வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன்.